செட்டை மாற்றுமுன் திகதியைப் பாருங்கள்

அண்மையில் எனது வேனின் பெட்டரியை மாற்றினேன். மறுநாள் சரக்குடன் புதிய ஊருக்குப் புறப்பட்டபோது, அன்ட்ரொய்ட் செட்டில் மெப் திறக்கவில்லை. போனின் ஹொட்ஸ்பொட்டுடன் வைபை இணைந்திருந்தது. இன்டர்நெட் மட்டும் இல்லை. "செட் பழுது, புதிதாகப் போட வேண்டும்" என்றார் கராஜ்காரர்.

பணத்தை எண்ணுமுன் வரிசையாகப் பார்த்தேன். முதலில் போன்: டேட்டா மீதி இருந்தது, இணையமும் வேலை செய்தது. அடுத்து செட்டின் திகதி: பல வருடங்கள் பின்னுக்குப் போயிருந்தது. பெட்டரியைக் கழற்றியதால் கடிகாரம் ஆரம்பத்துக்குத் திரும்பியிருக்கிறது. இணையச் சேவைகளின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலவரையறை உண்டு. திகதி பிழைத்தால் செட் அவற்றை ஏற்காது. திகதியைத் திருத்தி, செட்டை நிறுத்திப் போட்டேன், மெப் வந்துவிட்டது.

ஹொட்ஸ்பொட்டின் பெயரே செட்டில் தெரியாவிட்டால் காரணம் வேறு. பழைய செட்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபையை மட்டுமே பிடிக்கும். போன் 5 கிகாஹேர்ட்ஸில் கொடுத்தால் காணாது. போனின் ஹொட்ஸ்பொட் அமைப்பில் 2.4க்கு மாற்றுங்கள்.

ஜப்பானில் பாவித்து வந்த வாகனமென்றால், அதனுள் இருக்கும் சிம் அந்நாட்டுச் சேவைக்கானது. இங்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

கணக்குப் பிழைத்தால் கல்குலேட்டரையா மாற்றுகிறோம்? முதலில் கூட்டலைத்தானே பார்க்கிறோம்!