தேதியை எழுதாதீங்க, இடைவெளியை எழுதுங்க

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாப்ட்வேர்ல நாம தினமும் பார்க்கிற, ஆனா சரியா செட் பண்ணாம விடுற ஒரு விஷயம் ட்யூ டேட். ஒரு தேதி நகர்ந்தா, அதை நம்பியிருக்கிற மத்த தேதிகளும் தானாவே நகரணும். அதை எப்படி வைக்கிறதுன்னுதான் இந்த எபிசோடுல பேசப்போறோம். இதுக்கு உதாரணம் தேட ஐடி கம்பெனிக்குப் போக வேண்டாம். தேனி மாவட்டத்துக்குப் போவோம். கம்பம் பள்ளத்தாக்குல விவசாயம் நடக்கிறதே இந்தக் கணக்குலதான்.

தண்ணி திறக்கிற நாள்

முல்லைப்பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா தண்ணி தமிழ்நாட்டுக்கு வருது. அந்தத் தண்ணியை நம்பி லோயர் கேம்ப்ல இருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியா பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர்ல இருபோக நெல் நடக்குது. முதல் போகத்துக்கு ஜூன் 1-ல் தண்ணி திறக்கிறது வழக்கம். 2021-லயும் 2022-லயும் அப்படியே திறந்தாங்க. ஆனா 2020-ல் ஆகஸ்ட் மாசம்தான் திறந்தாங்க. அதாவது ரெண்டு மாசத்துக்கு மேல தள்ளிப்போச்சு.

இப்போ ஒருத்தர் காலண்டர்ல எல்லா வேலையையும் தேதி போட்டு எழுதி வச்சிருக்கார்னு நினைச்சுக்கோங்க. ஜூன் முதல் வாரம் நாத்து பாவணும், ஜூன் கடைசியில நடவு, ஜூலையில மேலுரம். தண்ணி தள்ளிப்போனா இதுல ஒரு வரிகூட உதவாது. அதைவிட மோசம், அதை நம்பி முன்னாடியே நாத்து பாவியிருந்தா, நாத்து முத்திடும். பயிரோட வயசு எத்தனை மாசமோ, நாத்தோட வயசு அத்தனை வாரம்னு ஒரு பொதுக்கணக்கு இருக்கு. நாலு மாசப் பயிருன்னா நாலு வார நாத்து. முத்தின நாத்தை நட்டா தூர் குறையும், மகசூலும் குறையும்.

அதனால விவசாயி மனசுல இருக்கிறது தேதி இல்ல, இடைவெளி. தண்ணி உறுதியானதும் நாத்து. பாவின நாள்ல இருந்து இத்தனை நாள்ல நடவு. நட்ட நாள்ல இருந்து இத்தனை நாள்ல மேலுரம். பூ எடுத்த பிறகு ஏறத்தாழ 30 நாள்ல அறுப்பு. ஒவ்வொரு வேலையும் அதுக்கு முன்னாடி நடந்ததுல இருந்து எண்ணப்படுது. சாப்ட்வேர் உலகத்துல இதுக்குப் பேர் ரிலேட்டிவ் ட்யூ டேட்.

ஒரே டெம்ப்ளேட், பல தோட்டம்

இதே பள்ளத்தாக்குல இன்னொரு பயிர் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினது. திராட்சையில கணக்கு தொடங்குறது கவாத்துல. கொடியை வெட்டிவிட்ட நாள்ல இருந்து ஏறத்தாழ நாலு மாசத்துல பழம். ஒவ்வொரு தோட்டத்துலயும் வேற வேற நாள்ல கவாத்து பண்றதாலதான் வருஷம் முழுக்க இங்கே திராட்சை கிடைக்குது. வேலைப் பட்டியல் ஒண்ணுதான். தோட்டத்துக்குத் தோட்டம் மாறுறது தொடக்க நாள் மட்டும்தான்.

ஆசனால ப்ராஜெக்ட் டெம்ப்ளேட் வேலை செய்றதும் இப்படித்தான். "தொடக்கத்துல இருந்து 5 நாள்", "12 நாள்"னு ஒரு தடவை எழுதி வச்சா போதும். புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது தொடக்க நாளை மட்டும் கேட்கும், மத்த தேதிகளை அதுவே போட்டுக்கும். ட்ரெல்லோல, ஒரு கார்டு குறிப்பிட்ட லிஸ்ட்டுக்கு வந்ததும் ட்யூ டேட்டை மூணு நாள் கழிச்சு வைன்னு ரூல் எழுதலாம். ஜிராலயும் ஆட்டோமேஷன் ரூல்ல "இன்னையில இருந்து இத்தனை நாள்"னு கொடுக்கலாம். எதுவுமே இல்லைன்னா கூகுள் ஷீட்ஸ் போதும். தொடக்க நாள் இருக்கிற கட்டத்தோட 25-ஐக் கூட்டினா 25 நாள் கழிச்சு வர்ற தேதி வந்துடும்.

எங்கே சறுக்கும்?

முதல் விஷயம், எதுல இருந்து எண்ணுறோம்? மேலுரத்தைத் தண்ணி திறந்த நாள்ல இருந்து எண்ணினா தப்பாகும். நடவு ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தா, வேர் பிடிக்காத பயிருக்கு உரம் போடுவோம். ஆபீஸ்ல டெஸ்டிங் தேதியை ப்ராஜெக்ட் தொடங்கின நாள்ல இருந்து எண்ணுறதும் இதே தப்புதான். டிசைனுக்கு க்ளையன்ட் ஓகே சொல்ல ஒரு வாரம் லேட். டெவலப்பர் முடிக்கவே இல்ல. ஆனா டெஸ்டருக்கு மட்டும் "ஓவர்ட்யூ"ன்னு மெயில் போகுது. கையிலேயே வராத வேலைக்கு அவங்க பதில் சொல்லணும். அதனால முந்தின வேலை *முடியணும்னு நினைச்ச* நாள்ல இருந்து எண்ணாம, *நிஜமா முடிஞ்ச* நாள்ல இருந்து எண்ணுங்க. "டாஸ்க் கம்ப்ளீட் ஆனதும் அடுத்ததுக்கு ட்யூ டேட் வை"ங்கிற ரூல் இதுக்குத்தான்.

ரெண்டாவது, லீவு நாள். நெல்லுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது, ஆபீஸுக்கு உண்டு. ஷீட்ஸ்ல வெறுமனே கூட்டாம "வொர்க்டே" ஃபார்முலா போட்டா சனி, ஞாயிறைத் தாண்டிடும். பொங்கல், தீபாவளி லீவையும் தனிப் பட்டியலா கொடுக்கலாம்.

மூணாவது, கையால தேதி போடுற பழக்கம். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்ல தானா ஷெட்யூல் ஆகிற ஒரு டாஸ்க்குக்கு நீங்களே தொடக்க தேதியை டைப் பண்ணினா, "இந்த நாளுக்கு முன்னாடி தொடங்கக்கூடாது"ன்னு அது ஒரு கட்டுப்பாடா எடுத்துக்கும். அப்புறம் முந்தின வேலை சீக்கிரம் முடிஞ்சாலும் அந்த டாஸ்க் முன்னாடி வராது.

நகரக்கூடாத தேதி

கடைசியா ஒண்ணு. எல்லாத் தேதியும் நகரலாம்னு விட்டா அதுவும் ஆபத்து. முதல் போகம் தள்ளினா ரெண்டாம் போகமும் தள்ளும். ஆனா பருவமழையும் அணையில இருக்கிற தண்ணியும் நமக்காகக் காத்திருக்காது. ஆபீஸ்லயும் அப்படிச் சில தேதிகள் உண்டு: ஒப்பந்தத்துல எழுதின டெலிவரி, வரி கட்டுற கடைசி நாள், நிகழ்ச்சி நடக்கிற நாள். அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு தேதியை மட்டும் நிலையா வைங்க. மத்ததெல்லாம் நகர்ந்து வந்து அதுல மோதினா, மோதுறது வெளிப்படையா தெரியணும். அப்போ டீம் உட்கார்ந்து எந்த வேலையைக் குறைக்கலாம், யார்கிட்ட கூடுதல் நாள் கேட்கலாம்னு முன்கூட்டியே பேச முடியும். மோதல் தெரியலைன்னா, வரிசையில கடைசியா நிக்கிறவங்க தலையிலதான் மொத்த தாமதமும் விழும்.

இந்த வாரம் உங்க போர்டைத் திறந்து, அடுத்த பத்து ட்யூ டேட்டைப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்வி: "இது எதுல இருந்து எத்தனாவது நாள்?" பதில் வந்தா அதை ரூலா எழுதிடுங்க. பதிலே வரலைன்னா, அது யாரோ குத்துமதிப்பா போட்ட தேதி. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.