மூன்று ஆட்டம், ஒரே பயணம்

2020 இறுதியில் இந்திய கிரிக்கெட் அணியின் ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் பந்துவீச்சாளர் நடராஜன் முதலில் தேர்வானது, வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காகத்தான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்.

வெளிநாடு போகும் அணி மூன்று விதமான ஆட்டத்துக்குத் தயாராக வேண்டும். டி20-யில் ஒரு பந்துவீச்சாளருக்கு 4 ஓவர். ஒருநாள் போட்டியில் 10. டெஸ்டில் அந்தக் கணக்கே கிடையாது. ஐந்து நாளும் உடம்பு தாங்க வேண்டும்.

டிசம்பர் 2-இல் கான்பெராவில் ஒருநாள் போட்டி, 4-இல் அங்கேயே டி20, 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன்தான்.

ஒருநாள் தொடர் 1-2 எனக் கைநழுவியது. டி20 தொடர் 2-1 எனக் கிடைத்தது. அடிலெய்டு டெஸ்டில் 36 ரன்னில் சுருண்ட அணி, மெல்பேர்னில் எழுந்து வென்றது. சிட்னியில் முதுகுவலியோடு அஸ்வினும் தொடைத்தசைக் காயத்தோடு ஹனுமா விஹாரியும் 42 ஓவருக்கு மேல் நின்று டிரா செய்தார்கள்.

காயங்களால் ஆள் குறைந்ததில் பிரிஸ்பேனில் இன்னொரு அறிமுகம்: சென்னையின் வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் அவருக்கும் நடராஜனுக்கும் ஷர்துல் தாக்குருக்கும் தலா 3 விக்கெட். பிறகு சுந்தர் 62 ரன் அடித்து, தாக்குருடன் 123 ரன் சேர்த்தார்.

பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு அதுவரை டெஸ்டில் தோற்றதே இல்லை. ஜனவரி 19 அன்று 328 ரன் இலக்கை எட்டிய இந்தியா, 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்று தொடரை 2-1 எனக் கைப்பற்றியது.