மூக்குத் தண்டில் கம்பி குத்துதல்: ஷரீஅத்தின் பார்வை



விடுமுறைக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வந்த இளைஞர் ஒருவர் ஜுமுஆவுக்கு வந்தார். அவருடைய இரு கண்களுக்கு நடுவே, மூக்குத் தண்டின் மேற்பகுதியில், இருமுனையிலும் உருண்டை கொண்ட சிறு உலோகக் கம்பி குறுக்காகக் குத்தப்பட்டிருந்தது. ஸஃப்பில் முணுமுணுப்பு எழுந்தது. தொழுகைக்குப் பின் நானும் பலர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் அவர் பள்ளிக்கு வரவில்லை. "ஹஜ்ரத், அவன் தொழுகை கூடாதா? அப்படியானால் நாங்கள் போட்டிருக்கும் மூக்குத்தியும் கூடாதா?" என்று அவருடைய தாயார் கேட்டனுப்பினார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கு எழுதுகிறேன்.

மூக்குத்தியின் சட்டம்

பெண்கள் காது குத்துவதற்கு ஆதாரம் தெளிவானது. பெருநாளன்று நபி (ஸல்) அவர்கள் பெண்களிடம் தர்மம் செய்யுமாறு கூறியபோது, அவர்கள் தம் காதணிகளைக் கழற்றி பிலால் (ரலி) அவர்களின் துணியில் இட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் உள்ளது. காதணி அணிந்ததை நபியவர்கள் கண்டிக்கவில்லை.

மூக்கு குத்துவதைப் பற்றி ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 1252, கி.பி. 1836) தமது ரத்துல் முஹ்தார் நூலில் விளக்கியுள்ளார். எந்த ஊரில் அது பெண்களின் அலங்காரமாக வழங்கி வருகிறதோ, அந்த ஊரில் அதற்குக் காது குத்துவதன் சட்டமே என்பது அவர் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆசாரியிடம் மூக்கு குத்திக்கொண்ட நம் தாய்மார்களின் மூக்குத்தி, இமாமவர்களின் இந்த விளக்கப்படி ஆகுமானதே.

இங்கே சட்டத்தின் அச்சாணி உர்ஃப், அதாவது ஊர் வழக்கம். உலகச் சட்டமும் வழக்கத்துக்கு மதிப்பளிப்பதுண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் வம்சாவளி மாணவி ஒருவர் பள்ளிக்கு மூக்குத்தி அணிந்து சென்றதைப் பள்ளி நிர்வாகம் தடுத்தது. மூக்குத்தி கட்டாயக் கடமையன்று எனினும், தென்னிந்தியக் குடும்பத்தின் மரபு என்ற வகையில் அதற்குப் பாதுகாப்பு உண்டென அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

மூக்குத் தண்டுக் கம்பி ஏன் வேறு?

முதலாவதாக, அது நம் பெண்களின் வழக்கமன்று. மேலைநாட்டு நகரங்களிலிருந்து அண்மைக் காலத்தில் பரவியது. ஆண்களுக்கோ மூக்கணி, காதணி எதற்கும் அனுமதியில்லை என்பதே பெரும்பாலான ஃபுகஹாக்களின் முடிவு. கஃபாவைத் தவாஃப் செய்த ஒருவர், மற்றொருவரை மூக்கில் கயிறிட்டு இழுத்துச் சென்றதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், தம் கரத்தாலேயே அக்கயிற்றை அறுத்து, கையைப் பிடித்து அழைத்துச் செல்லுமாறு ஏவினார்கள். இதுவும் புகாரீயில் உள்ளது. மூக்கணாங்கயிறு காளைக்குரியது, மனிதனின் முகம் கண்ணியத்திற்குரியது.

இரண்டாவதாக, அதில் தீங்குண்டு. மூக்குத்தி மூக்கு மடலைத் துளைக்கிறது. இக்கம்பியோ எலும்பின் மேலுள்ள தோலுக்கடியில் குறுக்காகச் செல்கிறது. ஆகவே உடல் அதை மெல்ல மெல்ல வெளியே தள்ளுவதுண்டு, தழும்பு எஞ்சும். புண் ஆற மாதங்கள் பிடிக்கும். மூக்குக் கண்ணாடி உரசினால் இன்னும் தாமதமாகும். மலிவான கம்பியிலுள்ள நிக்கல் பலருக்கு ஒவ்வாமை தரும். வாயின் இரு ஓரங்களிலிருந்து மூக்குத் தண்டு வரையுள்ள முக்கோணப் பகுதியின் இரத்த நாளங்கள் மூளையின் அடிப்பகுதி நாளங்களோடு தொடர்புடையவை. இங்கு ஏற்படும் சீழ் அரிதாக உள்ளே பரவினால் உயிருக்கே ஆபத்து. தனக்கும் பிறர்க்கும் தீங்கு கூடாது என்பது நபிமொழி வகுத்த அடிப்படை விதியாகும்.

உளூவும் தொழுகையும்

குத்திக்கொண்டவரின் தொழுகை கூடாது என்பது தவறு. உளூவில் முகம் கழுவுவது பர்ளு. எனவே உருண்டைகளை அசைத்து, அவற்றினடியிலுள்ள தோலில் நீர் படச் செய்ய வேண்டும். குளிப்பிலும் அவ்வாறே. மூக்குத்தி அணிந்த பெண்களும் கடமையான குளிப்பில் அதை அசைத்துத் துளையில் நீர் சேர்க்க வேண்டும். புண்ணில் தண்ணீர் பட்டால் கேடு விளையும் எனில், ஆறும் வரை அவ்விடத்தை ஈரக் கையால் தடவினால் போதும். கம்பியைக் கழற்ற விரும்புவோர் புண் இருக்கும்போது தாமே பிடுங்காமல் மருத்துவரிடம் செல்லட்டும்.

நமது கடமை

பள்ளிவாசலிலேயே சிறுநீர் கழித்த கிராமவாசியை மக்கள் அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் மக்களைத் தடுத்தார்கள். ஒரு வாளி நீரை ஊற்றச் செய்து, அவருக்கு இதமாக எடுத்துரைத்தார்கள். இந்த ஹதீஸைப் பலமுறை மிம்பரில் ஓதிய நானே அன்று அதை மறந்தேன். செயல் தவறென்று சொல்வது என் கடமை. சபையில் அவரைத் தலைகுனியச் செய்தது என் குற்றம்.

அவருடைய வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். சட்டத்தைத் தனிமையில் விளக்கினேன். மறுவெள்ளி அவர் கடைசி ஸஃப்பில் அமர்ந்திருந்தார். கம்பி அப்போதும் முகத்தில் இருந்தது. கழற்றும் எண்ணத்தை அல்லாஹ் அவர் உள்ளத்தில் தருவான். அதுவரை அவர் வரும் வாசலை நாம் அடைத்துவிடலாகாது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் முகங்களை ஈமானின் ஒளியால் அழகாக்குவானாக! நம் நாவுகளுக்கு நளினத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.