பச்சிளங் குழந்தையின் இரவொலிகள்

கொச்சி நகரின் பழம் பகுதியாகிய மட்டாஞ்சேரி உப்பங்கழியின் கரையில் அமைந்தது. மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றின் வாணிகத்தால் பெயர் பெற்ற இவ்விடத்தில், பண்டகசாலைகளை அடுத்துச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மலையாளிகளுடன் தமிழர், கொங்கணியர், குஜராத்தியர் எனப் பல மொழியினர் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து வருகின்றனர். இத்தகைய நெருக்கமான வீடுகளில் ஒரே அறையில் பலர் உறங்குவது வழக்கம். ஆதலின், புதிதாகப் பிறந்த குழந்தை இரவில் எழுப்பும் ஒலி வீட்டிலுள்ளோர் அனைவர் செவியிலும் விழுகிறது.

அவ்வொலியை மலையாளத்தில் 'குறுகல்' என்பர். தமிழ் வீடுகளில் 'நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது' என்பர். சொல் வேறாயினும் அச்சம் ஒன்றே. கேரளத்தில் ஏறக்குறைய எல்லா மகப்பேறுகளும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. தாயும் சேயும் சில நாட்களில் வீடு திரும்பிவிடுகின்றனர். மருத்துவமனையின் பகலிரவு ஆரவாரத்தில் கேளாத ஒலிகள், வீட்டின் நள்ளிரவு அமைதியில் பெரிதாகக் கேட்கின்றன. இந்நேரத்தில் குடும்பத்தார் இரு தவறுகளில் ஒன்றைச் செய்யக்கூடும். தீங்கற்ற ஒலியைக் கேட்டு மருந்தும் எண்ணெயும் புகையுமாக மருத்துவம் செய்வது ஒன்று. ஒலி அடங்கியதால் குழந்தை நலமாகிவிட்டது எனக் கருதி உண்மையான நோயைக் கவனியாது விடுவது மற்றொன்று. இரண்டாவது தவறு உயிருக்கே இடையூறாகும்.

ஒலி எழுவதன் காரணம்

பச்சிளங் குழந்தை பெரும்பாலும் மூக்கின் வழியாகவே மூச்சுவிடுகிறது. அதன் குரல்வளை கழுத்தில் உயரத்தில் அமைந்திருப்பதால், பால் உறிஞ்சிக்கொண்டே மூக்கினால் மூச்சுவிட இயலுகிறது. ஆனால் அம்மூக்குத் துளைகளோ மிகச் சிறியவை. குழாயின் குறுக்களவிற்கும் அதனுள் பாயும் பொருளுக்கு ஏற்படும் தடைக்கும் உள்ள தொடர்பை, 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவரும் இயற்பியலாருமாகிய புவாசேய் ஆராய்ந்து கண்டார். சீராகப் பாயும் ஓட்டத்தில், குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் தடை இரு மடங்காகவன்று, 16 மடங்காகப் பெருகும். பெரியவர் மூக்கில் உணரப்படாத சிறு சளித்துளி, குழந்தையின் மூக்கில் 'கொர்' என்ற ஒலியை எழுப்புவதற்கு இதுவே காரணமாகும்.

மேலும், குழந்தைக்குத் தொண்டையைச் செருமிச் சரிசெய்யத் தெரியாது. உமிழ்நீரும் எதுக்களித்த பாலும் தொண்டையில் சிறிது தங்கும்போது, மூச்சுக்காற்று அவற்றினூடே கடந்து கரகரவென்று ஒலிக்கிறது. மெல்லிய மார்புச்சுவர் அவ்வதிர்வை எங்கும் பரப்புகிறது. தாய் குழந்தையின் மார்பில் கை வைத்துப் பார்த்து, அதிர்வை உணர்ந்து, சளி நுரையீரலில் உள்ளதென்று முடிவு செய்கிறாள். உண்மையில் அது மூக்கிலும் தொண்டையிலும் எழுந்து மார்பிற்குக் கடத்தப்பட்ட அதிர்வே ஆகும். பண்டகசாலைத் தூசி, அடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை ஆகியவை மூக்கின் மென்சவ்வை உறுத்தி இவ்வொலியை மிகுவிக்கும். பிறந்த குழந்தை அடிக்கடி தும்முவதும் மூக்கைத் தூய்மை செய்யும் இயற்கை வழியே. தும்மல் ஒன்றுமட்டும் நீர்க்கோவையின் அறிகுறி ஆகாது.

ஓசையுள்ள உறக்கம்

1953ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தின் ஒரு பகுதியில் கண்கள் விரைந்து அசைகின்றன என்பதை வெளியிட்டனர். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளால், பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி இவ்வகையைச் சார்ந்தது என்பது விளங்கிற்று. குழந்தைகளிடத்தே இது 'இயக்க உறக்கம்' எனப்படும். இந்நிலையில் குழந்தை முகத்தைச் சுளிக்கும், முனகும், கைகால்களை உதறும், சிறிது சிணுங்கவும் செய்யும். மூச்சு ஒழுங்கின்றி ஓடும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை இயக்க உறக்கமும் அமைதி உறக்கமும் மாறிமாறி வருகின்றன.

ஆகவே, கண் மூடிய நிலையில் எழும் ஒவ்வொரு முனகலும் விழிப்பின் அடையாளம் அன்று. ஒலி கேட்டவுடன் குழந்தையைத் தூக்கினால், உறங்கிக்கொண்டிருந்த குழந்தை உண்மையிலேயே விழித்துக்கொள்ளும். தாயின் உறக்கமும் கெடும். ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நன்று. கண் திறந்து, வாயால் தேடி, கையைச் சுவைக்கத் தொடங்கினால் அது பசியின் குறியாகும். அப்போது தாமதியாது பால் கொடுத்தல் வேண்டும். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் தேவைப்படும் என்பதை மறத்தலாகாது.

மூச்சில் ஏற்படும் சிறு நிறுத்தங்களும் பெற்றோரை அஞ்சச் செய்கின்றன. விரைந்த சில மூச்சுகளுக்குப் பின் 5 முதல் 10 வினாடி வரை மூச்சு நின்று, மீண்டும் தானே தொடங்குவது பச்சிளங் குழந்தைகளில் இயல்பானது. ஆனால் 20 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அல்லது நின்ற வேளையில் உடல் நீலம் பாய்ந்தாலோ தளர்ந்தாலோ, அஃது அவசர நிலையாகும்.

ஒலிகளைப் பகுத்தறிதல்

மூக்கடைப்பின் கொர்கொரொலியும் தொண்டையின் கரகரப்பும் பெரும்பாலும் தீங்கற்றவை. முகம் சிவந்து முக்கி, மலமோ காற்றோ பிரிந்தபின் அடங்கும் முனகலும் அத்தகையதே.

மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் கீச்சென எழும் ஒலி வேறு வகை. குரல்வளையின் மேற்பகுதி இளக்கமாக இருப்பதால், உள்ளிழுக்கும்போது அது மடங்கி வழியைக் குறுக்குகிறது. பிறந்து சில நாட்களிலோ வாரங்களிலோ தொடங்கும் இவ்வொலி, மல்லாந்து படுக்கும்போதும் அழும்போதும் மிகும். சில மாதங்கள் வரை கூடி, ஒன்றரை முதல் இரண்டு வயதிற்குள் பெரும்பாலோர்க்குத் தானே மறைகிறது. எனினும் மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதி செய்தல் வேண்டும். பால் குடிக்கத் திணறினாலோ எடை கூடாவிட்டாலோ விரைந்து காட்டுதல் வேண்டும்.

ஒவ்வொரு மூச்சை வெளிவிடும்போதும் தொடர்ந்து 'ம்...ம்...' என எழும் முனகல் அபாயக் குறியாகும். காற்றறைகள் சுருங்கிவிடாதிருக்கும் பொருட்டு, குழந்தை குரல்நாண்களைச் சற்று மூடிக் காற்றை உள்ளே தேக்கிவைக்க முயல்வதால் இது எழுகிறது. உறக்கத்தில் எப்போதேனும் எழும் முனகலையும் மூச்சுதோறும் எழும் முனகலையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

ஒரு நிமிட எண்ணிக்கை

ஒலி ஐயத்தை எழுப்பும்; அதைத் தீர்ப்பது கண்ணும் கடிகாரமுமே. குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதை நோக்கி, ஒரு முழு நிமிடம் எண்ணுதல் வேண்டும். பிறந்த குழந்தை நிமிடத்திற்கு ஏறத்தாழ 40 முதல் 60 முறை மூச்சுவிடுகிறது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தையில் எண்ணிக்கை 60 அல்லது அதற்கு மேற்பட்டால், மீண்டும் ஒருமுறை எண்ணுதல் வேண்டும். இரண்டாம் முறையும் அவ்வாறே இருந்தால் அது விரைமூச்சு எனக் கொள்ளப்படும்.

கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது இங்குப் பொருந்தாது. மூச்சு சிறிது நின்ற கால் நிமிடத்தில் 8 எண்ணப்பட்டால் விடை 32 ஆகும். அடுத்த கால் நிமிடத்தில் 18 எண்ணப்பட்டால் விடை 72 ஆகும். ஒரே குழந்தையை முதற் கணக்கு நலமுடையதென்றும் அடுத்த கணக்கு நோயுற்றதென்றும் காட்டிவிடும்.

இவ்வெளிய முறையின் பயனை மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டம் மெய்ப்பித்தது. மருத்துவர்களாகிய அபய் பங், ராணி பங் ஆகிய இருவரும், எழுத்தறியாதோரும் கையாளத்தக்க மூச்செண்ணி ஒன்றை அமைத்தனர். ஒரு நிமிட மணற்கடிகாரமும் மணிகளும் கொண்ட அக்கருவியில், பத்து மூச்சுக்கு ஒரு மணியாக நகர்த்தி எண்ணினர். பின்னர் 39 சிற்றூர்களில், பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்கள் வீடுதோறும் சென்று பச்சிளங் குழந்தைகளைக் காக்கும் திட்டம் நடைபெற்றது. மூன்றாம் ஆண்டில் அங்குப் பச்சிளங் குழந்தைகளின் இறப்பு, ஒப்பீட்டுக்குரிய ஊர்களை நோக்க, ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்ததென 1999இல் வெளியான அறிக்கை கூறிற்று. எண்ணுதல் அத்திட்டத்தின் ஒரு பகுதியே எனினும், நோயை வீட்டிலேயே கண்டறிய அது துணைபுரிந்தது. 2011 முதல் ஆஷா பணியாளர் நாடெங்கும் இத்தகைய வீட்டுப் பராமரிப்பை மேற்கொண்டு வருகின்றனர். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் அவர்கள் காண வேண்டும்.

அமைதியின் அபாயம்

கடுமையாக நோயுற்ற பச்சிளங் குழந்தை பல வேளைகளில் ஒலியெழுப்புவதில்லை. அழவும் வலிமையின்றி அடங்கிக் கிடக்கும். பிறவி இதயக் குறையுள்ள சில குழந்தைகளும் ஓசையின்றியே விரைந்து மூச்சுவிடும்; பால் குடிக்கையில் களைத்து வியர்க்கும். கேரள அரசு இத்தகைய குழந்தைகட்காக 'ஹிருத்யம்' என்ற திட்டத்தை 2017இல் தொடங்கியது. 'இன்று நன்றாக உறங்குகிறது, பாலுக்கும் எழவில்லை' என்று வீட்டார் மகிழ்ந்து கூறும்போதே, களப்பணியாளர் கூர்ந்து நோக்க வேண்டும்.

கீழ்க்காண்பவற்றுள் ஒன்றிருப்பினும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்: இருமுறை எண்ணியும் மூச்சு 60க்குக் குறையாமை; மூச்சு இழுக்கும்போது கீழ்மார்பு ஆழமாக உட்குழிதல்; மூக்குத்துளைகள் விரிந்து விரிந்து அடங்குதல்; மூச்சுதோறும் முனகல்; பால் குடியாமை; தூண்டினால் மட்டும் அசைதல்; வலிப்பு; உதடும் நாவும் நீலமாதல்; அக்குளில் வெப்பநிலை 37.5 செல்சியசு பாகைக்குக் குறையாதிருத்தல் அல்லது 35.5 பாகைக்குக் கீழிறங்குதல். மட்டாஞ்சேரியில் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை அண்மையிலேயே உள்ளது. ஊர்தி வேண்டுவோர் 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

மூக்கடைப்பினால் பால் குடிக்க இடர்ப்படும் குழந்தைக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பாலூட்டுமுன் ஒவ்வொரு துளையிலும் ஓரிரு துளி விடலாம். பாலூட்டியபின் சிறிது நேரம் தோளில் நிமிர்த்திவைத்தல் நன்று. உறங்கவைக்கும்போது, தட்டையான உறுதியான படுக்கையில் மல்லாந்து கிடத்துதலே பாதுகாப்பானது. ஒலியைக் குறைக்கக் கருதிக் குப்புறக் கிடத்துதலும் தலையணை வைத்து உயர்த்துதலும் கூடா.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது பழைய வழக்கம். அவ்வெண்ணெய் நுரையீரலில் இறங்கி அழற்சியை உண்டாக்கும். வாயால் மூக்கில் ஊதுவது நோய்க்கிருமிகளைப் புகுத்தும். கற்பூரம் கலந்த தைலம் பச்சிளங் குழந்தைக்கு நஞ்சாகி வலிப்பையும் தரவல்லது. சாம்பிராணிப் புகையையும் கொசுவர்த்தியையும் தவிர்த்து, கொசு மிகுந்த கொச்சியில் கொசுவலையைப் பயன்படுத்துதல் வேண்டும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகட்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுத்தலாகாதென மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியுள்ளது. இவ்வழக்கங்களைப் பின்பற்றும் பாட்டிமார் அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர். ஆதலின் அவர்களைக் கடிந்துரையாது, அவர்கள் கையிலேயே கடிகாரத்தைத் தந்து எண்ணச் செய்வது பயன் தரும்.

பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

களப்பணியாளர் முதல் வருகையிலேயே, குழந்தை நலமாக இருக்கும்போது, தாய்க்கும் வீட்டு மூத்தோர்க்கும் மூச்சு எண்ணும் முறையைக் கற்பித்தல் வேண்டும். நலமான மூச்சை முன்பே கண்டறிந்தவர்க்கே மாறுபட்ட மூச்சு எளிதில் புலப்படும். கைப்பேசியில் குழந்தையின் மார்பு தெரியும்படி ஒரு நிமிடம் படம்பிடித்து வைத்தால், இரவில் கேட்ட ஒலியைப் பகலில் மருத்துவர்க்குக் காட்டலாம். குழந்தை அப்போது நலமாக இருப்பின் மட்டுமே இது பொருந்தும். அபாயக் குறி தோன்றியபின் படம்பிடிக்கக் காத்திருத்தல் கூடாது.

ஆசிரியர் வகுப்பில் மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் மூச்சை மற்றவர் ஒரு நிமிடம் எண்ணுமாறு செய்யலாம். கிடைத்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, பிறந்த குழந்தையின் 40 முதல் 60 வரையிலான எண்ணுடன் ஒப்பிட்டால், சிற்றுடல் விரைந்து மூச்சுவிடும் உண்மை விளங்கும். கால் நிமிடக் கணக்கையும் முழு நிமிடக் கணக்கையும் ஒப்பிடச் செய்தால் அளவியற் பாடமும் அதனுள் அடங்கும். தம்பியோ தங்கையோ பிறந்துள்ள வீட்டிற்கு அம்மாணவர் அவ்வறிவை அன்று மாலையே கொண்டுசெல்வர். கடிகாரமும் பொறுமையும் உள்ள எந்த வீட்டிலும் இவ்வொரு நிமிட எண்ணிக்கை இயலும். வீண் அச்சத்தை நீக்குவதும், தக்க நேரத்தில் குழந்தையை மருத்துவரிடம் சேர்ப்பதும் அதனாற் கைகூடும்.