உங்களுக்குத் தெரியுமா? அரண்மனை அருங்காட்சியகமான கதை

அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் மதுரை காந்தி அருங்காட்சியகம், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில்தான் இயங்குகிறது. நாயக்கர் ஆட்சிக்குப் பின் ஆற்காடு நவாப், கிழக்கிந்தியக் கம்பெனி என்று கைமாறி, அதிகாரிகளின் பங்களாவாக வெகுகாலம் கிடந்த இடம் அது. 1955இல் மாநில அரசு அதைக் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தார்.

காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அவர் அரை வேட்டிக்கு மாறியதும் இதே மதுரையில்தான்: 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி வீடு. துணி நெய்யும் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

சென்னை எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகமும் இப்படித்தான் 2021 செப்டம்பரில் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

கைத்தறிக்குப் பேர்போன அருப்புக்கோட்டைக்கும் ஒன்று வேண்டும். பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடம் ஒன்று போதும். அதில் ஒரு குழித்தறி, பாவு, அச்சு, நாடா. நெய்யத் தெரிந்த பெரியவர் ஒருவர் மிதியை மிதித்துக் காட்ட, திருச்சுழிப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே நாடாவை ஓட்டிப் பார்க்க வேண்டும்.