தம்புரா எங்கே போனது?

திருவையாற்று ஆராதனையின் நேரடி ஒலிபரப்பைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு வம்பான வேலை என்று. அறிவிப்பாளர் அடக்கமான குரலில் பேசுகிறார். நாதஸ்வரமும் தவிலும் பந்தலை அதிர வைக்கின்றன. பிறகு புல்லாங்குழல்கள் மட்டும் பைரவியில் மெல்ல எழுகின்றன. அது முடிந்ததும் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றுகூடி நாட்டையில் பஞ்சரத்னத்தைத் தொடங்குகின்றன. ஒரே மணி நேரத்துக்குள் இத்தனை ஏற்ற இறக்கம். அறிவிப்பாளரின் குரலுக்குத் தோதாக வால்யூமை வைத்துவிட்டு எழுந்து போனால், நாதஸ்வரம் வரும்போது சத்தம் உடைந்து கரகரவென்று பதிவாகியிருக்கும். பயந்து குறைத்து வைத்தால் குழல் காதிலேயே விழாது.

ஆரணி, போளூர் வட்டாரத்தில் இப்போது வானொலி கேட்பதென்றால் பெரும்பாலும் இணையத்தில்தான். பண்பலை அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் பாய்வது. சென்னைக் கோபுரங்கள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. குந்தவை ஜினாலயமும் நெடிய நேமிநாதர் சிலையும் உள்ள திருமலை போன்ற குன்றடி ஊர்களில் மலையே அலையை மறித்துவிடும். மத்திய அலை எட்டும். ஆனால் வீட்டில் இருக்கும் எல்.ஈ.டி. விளக்கும் செல்பேசி சார்ஜரும் சேர்ந்து அதில் இரைச்சலைக் கலந்துவிடுகின்றன. ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியிலோ இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இரைச்சல் இல்லாமல் கிடைக்கின்றன. செவ்வியல் இசைக்கென்றே 2016-ல் பெங்களூருவில் இருந்து தொடங்கிய ராகம் அலைவரிசையும் அதில் உண்டு. கேட்பதற்கு இவ்வளவு தெளிவாக இருப்பது, பதிவு செய்து போட்டுப் பார்த்தால் ஏன் பாழாகிறது?

முதலில் ஒரு கொடுமையான கோளாறு. கச்சேரியைச் செல்பேசியில் ஓடவிட்டு, பக்கத்தில் இன்னொரு செல்பேசியை வைத்துப் பதிவு செய்கிறார்கள். போட்டுக் கேட்டால் பாட்டு இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது, தம்புராவைக் காணோம். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் சுருதி இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடக்கிறது. சில நொடிகள் கழித்து எங்கிருந்தோ ஊதிக்கொண்டு எழுந்து வந்து, மிருதங்கத்தில் ஒரு அடி விழுந்ததும் மறுபடி அமுங்கிப்போகிறது.

இது இரண்டு தனித்தனி வேலைகளின் விளைவு. செல்பேசியின் ஒலிவாங்கி மனிதப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. பேச்சு விட்டுவிட்டு வரும். மின்விசிறி, பேருந்து எஞ்சின் போன்ற இரைச்சல்கள் மாறாமல் நீடிக்கும். எனவே மாறாமல் நீடிக்கும் ஒலியெல்லாம் இரைச்சல் என்று கணக்கிட்டு அதைக் கழித்துவிடும் நிரல் ஒன்று உள்ளே ஓடுகிறது. தம்புராவின் இலக்கணமே மாறாமல் நீடிப்பதுதான். மின்விசிறிக்கு விதித்த தண்டனையை அதுவும் அனுபவிக்கிறது. இன்னொன்று, தானாகவே வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. அமைதி நிலவினால் ஏற்றிவிடும், பலமான ஓசை வந்தால் சட்டென்று இறக்கிவிடும். தொலைபேசிப் பேச்சுக்கு இது வரம். சங்கீதத்துக்கோ, பாடகர் யோசித்து யோசித்து வைத்த ஏற்ற இறக்கம் முழுவதையும் தட்டையாக்கிவிடும் கேடு. இதற்குத் தீர்வு ஒலிவாங்கியை இன்னும் நெருக்கமாக வைப்பதில் இல்லை. ஒலிவாங்கியையே தவிர்ப்பதில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதல், அதாவது 2019 முதல், செயலி அனுமதித்தால் செல்பேசிக்குள் ஓடும் ஒலியை உள்ளேயே பிடிக்க வழி இருக்கிறது. பல செல்பேசிகளின் திரைப்பதிவு வசதியில் ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் ஒலிவாங்கியை விட்டுவிட்டுச் சாதனத்தின் ஒலி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணினியில் பதிவு செய்பவர்களின் பாடு வேறு. அங்கே ஒலி பல மதகுகளைத் தாண்டி வருகிறது: இணையப் பக்கத்தில் உள்ள வால்யூம், உலாவிக்கென்று கணினி வைத்திருக்கும் வால்யூம், பதிவு நிரலின் உள்வாங்கு அளவு. கம்பி வழியாக இணைத்திருந்தால் வெளியே போகும் ஒலிக்கு ஒன்று, உள்ளே வரும் ஒலிக்கு ஒன்று என மேலும் இரண்டு. மேல்மதகை அரைக்கண் திறந்து வைத்துவிட்டுக் கடைமடையில் எவ்வளவு அகலத் திறந்தாலும் தண்ணீர் வராது, சேறுதான் வரும். ஒலியிலும் அதேதான். முன்னால் அடக்கி வைத்ததைப் பின்னால் ஊதிப் பெருக்கும்போது, இடையில் சேர்ந்த இரைச்சலும் கூடவே பெருகுகிறது. அதனால் தேடுதலை எப்போதும் நிலையத்தின் பக்கமிருந்து தொடங்க வேண்டும். இணையப் பக்கத்தின் வால்யூமை முழுதாக வைத்து, ஒவ்வொரு மதகாக இறங்கி வந்து, கடைசி மதகில் மட்டும் கட்டுப்படுத்த வேண்டும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. வி.எல்.சி. போன்ற இயக்கிகளில் வால்யூம் நூறு சதவீதத்தைத் தாண்டியும் ஏறும். நூறுக்கு மேல் போவது எண்களைப் பெருக்கும் கணக்கு வேலைதான். அது எங்கே போய் முடிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

16 பிட் ஒலியில் ஒவ்வொரு நொடியும் பல்லாயிரம் எண்களாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு எண்ணும் −32,768-லிருந்து 32,767 வரைதான் இருக்கலாம். நாதஸ்வரத்தின் ஒரு வீச்சு 40,000 வரை எழ வேண்டியிருந்தால், அது 32,767-இல் முட்டி நின்றுவிடும். அலையின் வளைந்த முகடு வெட்டிய மேசை போலத் தட்டையாகிறது. வளைவு நேர்க்கோடாகும்போது மூலத்தில் இல்லாத புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. கரகரப்பு என்று நம் காதில் விழுவது அவைதான். பிறகு வால்யூமைக் குறைத்தாலும் தட்டையான முகடு தட்டையாகவே சிறுக்கும். அந்த வளைவு எப்படி இருந்தது என்ற செய்தி எங்குமே எழுதப்படவில்லை. பழுது பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன, ஆனால் அவை அக்கம்பக்கத்தைப் பார்த்து வளைவை ஊகிக்கத்தான் செய்கின்றன.

குறைவாகப் பதிவானால் இழப்பு இவ்வளவு இல்லை. அலையின் உயரம் பாதியாவது 6 டெசிபல். உச்ச எல்லைக்குக் கீழே 12 டெசிபல் இடம் விட்டால் நான்கில் ஒரு பங்கு உயரத்தைத்தான் பயன்படுத்துகிறோம், 16-இல் 2 பிட் வீணாகிறது. மீதமுள்ள 14 பிட் இணைய வானொலிக்கு ஏராளம். ஆகவே பதிவு நிரலின் மானியில் பேச்சைப் பார்க்கும்போது முள் பரிதாபமாகக் கீழே கிடந்தாலும் விட்டுவிடுங்கள். அந்த வெற்றிடம் தவிலுக்காகக் காத்திருக்கிறது.

திடீரென்று இடையில் வால்யூம் படுத்துவிடுவது வேறு கோளாறு. விண்டோஸ் கணினியில் அழைப்பு ஏதும் வந்ததாகத் தெரிந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு ஒன்று, நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். ஒலி அமைப்புகளில் தகவல்தொடர்பு என்ற பகுதிக்குப் போய், எதுவும் செய்ய வேண்டாம் என்று மாற்றினால் சரியாகிவிடும். புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. பதிவு நிரல் அதன் ஒலிவாங்கியைத் தொட்ட உடனே ஹெட்செட் தொலைபேசி முறைக்குத் தாவிவிடும். இசை ஒற்றைத் தடமாகி, கிணற்றுக்குள் இருந்து பாடுவதைப் போலக் கேட்கும். பாடகர் குரல் மட்டும் மறைந்து வாத்தியங்கள் ஒலித்தால், இடமும் வலமும் எதிரெதிர் திசையில் சேர்ந்து, நடுவில் இருந்த குரலைக் கழித்துவிடுகின்றன என்று பொருள். கம்பியையோ இணைப்பு முனையையோ மாற்றுங்கள்.

இத்தனை மதகுகளும் எதற்கு என்று கேட்டால், உண்மையில் எதுவும் தேவையில்லை என்பதுதான் என் பதில். நிலையம் அனுப்புவது ஒலி அல்ல, எம்.பி.3 அல்லது ஏ.ஏ.சி. முறையில் சுருக்கிய எண்கள். அந்த எண்களை வந்தபடியே கோப்பாக எழுதிவிட்டால் வால்யூம் என்ற பேச்சே எழாது. வி.எல்.சி.யில் ஸ்ட்ரீம் முகவரியைக் கொடுத்து ஓடவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினால் அதுதான் நடக்கிறது. கட்டளை எழுதப் பழகியவர்களுக்கு எஃப்.எஃப்.எம்பெக் என்ற நிரல் இதையே இன்னும் சுத்தமாகச் செய்யும். வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கி வைத்தாலும் கோப்பில் கச்சேரி முழு வீச்சோடு இருக்கும். ஒலியாக்கி மறுபடி சுருக்குவதால் வரும் தேய்மானமும் இல்லை. நிலையத்திலேயே உடைந்த சத்தத்தை மட்டும் இந்த வழியும் சரிசெய்யாது.

பதிவுகள் சேர்ந்த பின் எழுவது, ஒன்று உரக்கவும் ஒன்று மெலிந்தும் ஒலிக்கும் பிரச்சினை. இங்கே உச்ச அளவைப் பார்த்துச் சமன் செய்வது ஏமாற்றும். ஒரே ஒரு தவில் அடி உச்சத்தைத் தொட்டுவிட்டு, மற்றதெல்லாம் மெல்லியதாக இருக்கலாம். காது உணர்வது சராசரி ஆற்றலை. அதிலும் மிகத் தாழ்ந்த ஒலிகளை அது குறைத்தே மதிக்கிறது. இதைக் கணக்கில் எடுத்து அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் அதைக் கொண்டு −23 என்ற பொது அளவை நிர்ணயித்தது. கோப்புகளின் பலத்தைச் சமன் செய்ய எம்.பி.3-ல் ஓர் அழகான வசதி இருக்கிறது. இசையைச் சிறு சிறு துண்டுகளாக அடுக்கும் அந்த முறையில், ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் மொத்தப் பலத்தைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். எம்.பி.3 கெய்ன் என்ற நிரல் அந்த எண்ணை மட்டும் மாற்றுகிறது. ஒரு படிக்கு 1.5 டெசிபல் கூடும் அல்லது குறையும். இசையைப் பிரிப்பதில்லை, மறுபடி சுருக்குவதில்லை. மாற்றிய எண்ணைத் திருப்பி வைத்தால் பழைய கோப்பு அப்படியே வந்துவிடும்.

தறியில் உட்கார்ந்து நெய்தபடியே வானொலிப் பதிவைக் கேட்பவருக்கு மட்டும் இது போதாது. குழித்தறியில் நாடா ஓடும் ஓசையும், பலகை அடிக்கும் ஓசையும், தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி தூக்கி இறக்கும் ஓசையும் ஓயாமல் வரும். ஆலாபனையின் மெல்லிய பகுதிகள் அதில் மூழ்கிவிடுகின்றன. வால்யூமை ஏற்றி வைத்தால் தனி ஆவர்த்தனத்தில் காது வலிக்கிறது. இவருக்குத் தேவை, மெல்லியதைத் தூக்கி பலமானதை அமுக்கிய பிரதி. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரலில் கம்ப்ரஸர் என்ற கருவி அதைச் செய்யும். செல்பேசி செய்ததும் இதே வகை வேலைதான் என்றாலும், எவ்வளவு அமுக்க வேண்டும் என்று இங்கே நாம் தீர்மானிக்கிறோம். அதுவும் பிரதியில்தான். மூலக் கோப்பைத் தொடவே கூடாது. தறிக்கு ஒரு கோப்பு, இரவில் அமைதியாக உட்கார்ந்து கேட்க மூலம் என்று இரண்டாக வைத்துக்கொள்ளலாம்.

சொந்தப் பயனுக்காக ஒலிபரப்பைப் பதிவு செய்வதை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 39-ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு அந்த அனுமதி பொருந்தாது. அடுத்த ஆராதனை சாந்திரமானப் புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியில் வரும். அதற்கு முந்தின நாளே ஸ்ட்ரீம் முகவரியைப் போட்டு ஐந்து நிமிடம் பதிவு செய்து, போட்டுக் கேட்டுப் பாருங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தம்புரா இருக்கிறதா என்று கவனியுங்கள்.