யூதர்களின் கல்யாணப் பாட்டைக் காப்பாற்றிய ரோமா கலைஞர்கள்!

ருமேனியாவின் மாரமுரெஷ் பகுதி. ஒரு காலத்தில் ஹங்கேரியர், ருமேனியர், யூதர் என யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், பல நேரங்களில் வயலினோடு வந்து நிற்பவர்கள் ரோமா இசைக்கலைஞர்கள். அவரவர் ஆட்டத்துக்கு அவரவர் மெட்டு!

1944-ல் அங்கிருந்த யூதர்கள் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் திரும்பவே இல்லை. ஆடியவர்களே இல்லாதபோது பாட்டு எப்படி மிஞ்சும்?

மிஞ்சியது. அந்தக் கல்யாணங்களில் வாசித்த வயலின் கலைஞர் கெயோர்கே கோவாச், சந்தூர் போன்ற சிம்பலம் வாசிக்கும் அர்பாத் டோனி ஆகியோரின் விரல்களில்! ஹங்கேரியின் 'முஜிகாஷ்' குழு இவர்களோடு சேர்ந்து வாசித்து, 1993-ல் ஆல்பமாக வெளியிட்டது.

கல்யாண வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். கூலிக்கு வாசிக்க வந்தவர்கள்தான் அவர்களின் பாட்டை கிட்டத்தட்ட 50 வருஷம் மறக்காமல் வைத்திருந்தார்கள். ஒருமுறை தேடிக் கேட்டுப் பாருங்கள்!